கோவளம் முதல் தூத்துக்குடி வரை, இரண்டு ஷிப்டுகளில்

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நானும் என் கணவனும் ஒரே நேரத்தில் விழித்திருந்த பொழுதுகளைக் கூட்டினால் ஒரு தேனிலவுக்குக் காணாது. அவன் ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவு. உற்பத்தி லைன் நின்றால்தான் இயந்திரத்தைக் கழற்ற முடியும். லைன் நிற்பது இரவில், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை. அதனால் ஓ.டி.யோடு சேர்த்து நீளமான நைட் ஷிப்ட், ஞாயிறு முழுக்க வேலை, வாரத்தின் நடுவில் எப்போதாவது லீவு. நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறொரு கம்பெனியில் தரக்கட்டுப்பாடு, ஜெனரல் ஷிப்ட். வாடகை வீடு படப்பையில். காலையில் அவன் பஸ் அவனை இறக்கிவிடும் நிறுத்தத்தில்தான் என் பஸ் என்னை ஏற்றிக்கொள்ளும். அங்கே சாவி கைமாறும். பால் காய்ச்சியாயிற்று, சிலிண்டர் தீரப்போகிறது, வீட்டு ஓனர் வந்துபோனார் என்ற தகவல்களும் மாறும். பிறகு பஸ் கிளம்பிவிடும்.

குன்றத்தூரில் இருக்கும் என் அம்மா இதை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டார். "ஒரே வூட்ல இருந்துகினு பஸ் ஸ்டாப்புல பாத்துக்கிறீங்க. இன்னா பொழப்புடி இது?" என்றார். எனக்கு அது பொழப்பாகத்தான் தெரிந்தது. இரண்டு சம்பளம், சண்டை கிடையாது. சண்டை போட நேரம் பொருந்தவில்லை என்பதை அப்போது நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவனுடைய லீவு நாட்கள் ஒரு படகுக்குப் போயின. வல்லம் சிப்காட்டில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் இடம் பிடித்து, பழைய ஃபைபர் மீன்பிடிப் படகு ஒன்றை வாங்கிப் போட்டு, அதற்குப் பாய்மரம், தார்ப்பாய்க் கூரை, புதிய சுக்கான், அவசரத்துக்கு ஒரு சின்ன எஞ்சின் எல்லாம் பொருத்திக்கொண்டிருந்தான். அவன் ஊர் கோவில்பட்டிப் பக்கம். கடல் அவனுக்குக் கல்லூரிச் சுற்றுலாவில்தான் அறிமுகம். ஏன் படகு என்று கேட்டதற்கு, பட்டறையில் கூரை ஷீட் இல்லாத இடத்தில் வெயில் அதிகம், சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று பதில் சொன்னான். கேள்வியைக் காதில் வாங்காமல் வேலையைப் பற்றிப் பதில் சொல்வது பராமரிப்புப் பிரிவின் பழக்கம். டீ நேரத்தில் பக்கத்துக் கம்பெனி ஆட்கள் வந்து படகைச் சுற்றி நிற்பார்கள். "அடுத்த வெள்ளத்துக்கு இப்பவே ரெடியாண்ணே? எங்க லைன்ல நாப்பது பேர் இருக்கோம், எடம் கீதா?" என்று ஒருவன் கேட்டான். இவன் யோசித்துவிட்டு, ஆறு பேர் உட்காரலாம், நிற்க முடியாது என்றான்.

வாரக் கடைசியில் லீவு கிடைக்காததால் வார நாட்களில் கோவளத்துக்குப் போய் பாய்மரம் பழகினான். நான் இரண்டு முறை கூடப் போனேன். தை மாதம் வாடைக்காற்று நிதானமாக வீசும்போது கிளம்பினால் அது தெற்கே தள்ளிக்கொண்டு போகும் என்றும், தூத்துக்குடியில் அவன் அக்கா வீட்டுப் பக்கம் படகை நிறுத்திவிட்டு ரயிலில் திரும்பலாம் என்றும் முடிவானது. இருவரும் நீண்ட லீவுக்கு எழுதிக் கொடுத்தோம். மீன்வளத்துறையிலும் கடலோரக் காவலிலும் எழுதிக் கொடுக்க வேண்டியதை எழுதிக் கொடுத்தோம். சாமான்களை நான் எடுத்து வைத்தேன். உயிர்காப்பு ஜாக்கெட், குடிநீர் கேன், அரிசி, அவல், பருப்புப்பொடி, திசைகாட்டி, இரண்டு டார்ச், ஓஆர்எஸ் பாக்கெட், தையல் ஊசி, பாய் தைக்க நைலான் நூல், ஸ்பேனர் செட். ஸ்பேனர் செட்டை அவனும் தனியாக எடுத்து வைத்திருந்தான்.

கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் எனக்கு ஒரு மெயில் வந்தது. எங்கள் கம்பெனி குஜராத்தில் புதிய ஆலை தொடங்குகிறது, அங்கே தரப்பிரிவை நான் பொறுப்பேற்று நடத்த வேண்டும், லீவு முடிந்து வரும்போது பதில் சொன்னால் போதும். காலையில் பஸ் நிறுத்தத்தில் அவனிடம் போனைக் காட்டினேன். படித்தான். "உன் இஷ்டம்" என்றான். பஸ் வந்துவிட்டது.

போனால் எங்களுக்குள் பஸ் நிறுத்தம்கூட இருக்காது என்பது தெரிந்த விஷயம். கல்யாணம் ஒரு வருஷத்தில் காகிதத்தில் மட்டும் இருக்கும், அப்புறம் அதிலும் இருக்காது. போகலாம், போகாமலும் இருக்கலாம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அவனுக்கு என்ன வேண்டும் என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். மூன்று வாரம் ஒரு சின்னப் படகில் ஒரு ஆள் எங்கே ஓடிவிட முடியும், சொல்லித்தானே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

படகு லாரியில் கிளம்பியது. ஒரகடம் சாலையில் முன்னாலும் பின்னாலும் புதுக் கார் ஏற்றிய டிரெய்லர்கள். சிக்னலில் போக்குவரத்துக் காவலர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எக்ஸ்போர்ட்டா என்று கேட்டார். அந்த வழியில் லாரியில் போகிற எதுவும் எக்ஸ்போர்ட்தான்.

கடலுக்குள் இறங்கிய அன்றே நாங்கள் ஒரு காரியம் செய்தோம். யாரும் சொல்லாமல், யோசிக்காமல், ஷிப்ட் போட்டுக்கொண்டோம். பகலில் கரையோரமாகப் போய், மாலையில் ஏதாவது மீன்பிடித் துறைமுகத்தில் நங்கூரம் போடுவதுதான் திட்டம். ஆனால் துறைமுகத்தில் இரவெல்லாம் விசைப்படகுகள் போவதும் வருவதுமாக இருக்கும், இடித்துவிடாமல் ஒருவர் விழித்திருக்க வேண்டும். அது யார் என்பதில் விவாதமே இல்லை. அவன் நைட். நான் ஜெனரல். விடிந்ததும் அவன் தார்ப்பாய்க்கு அடியில் போய்ப் படுத்தால் அடுத்த நிமிஷம் தூங்கிவிடுவான். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு புதுச்சேரியையும் கடலூரையும் தனியாகப் பார்த்தேன். இரண்டும் நன்றாக இருந்தன.

தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும்போது ஒரு முறை உண்டு. போகிறவர் வருகிறவரிடம் நின்று சொல்ல வேண்டும்: என்ன ஓடியது, என்ன நின்றது, என்ன மாற்றப்பட்டது. இதில் மூன்றாவதுதான் எங்கள் பிரிவுக்கு உயிர். ஒரு சின்ன ஸ்க்ரூவை மாற்றினால்கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த நிமிஷத்திலிருந்து வெளிவரும் ஒவ்வொரு பொருளையும் புதிதாகச் சோதிக்க வேண்டும். சோதித்துச் சரியென்று ஆகும்வரை எதுவும் வாசலைத் தாண்டாது. படகிலும் அதையே வைத்துக்கொண்டோம். காலையில் அவன் சொல்வான்: காற்று இப்படி, நங்கூரம் பிடித்திருக்கிறது, மாற்றம் எதுவும் இல்லை. சொல்லிவிட்டுத் தூங்கப் போவான். ஒரு வாரம் தாண்டியும் எனக்கு வேண்டியதை அவன் சொல்லவில்லை. எங்கள் பஸ் நிறுத்தத்தைத்தான் கடலில் கொண்டுவந்து மிதக்க விட்டிருக்கிறோம் என்று எனக்குப் புரிந்தது நாகப்பட்டினத்துக்குக் கிட்டே. குஜராத்துக்குப் போய்விடலாம் என்று அநேகமாக முடிவு செய்தேன். அங்கே என்ன எடுத்துப் போக வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தவும் ஆரம்பித்தேன். மிக்ஸி அவனுக்கு.

நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பி, வழியில் ஒரு இரவு தங்கி, மறுநாள் கோடியக்கரையைச் சுற்றி மேற்கே திரும்பிக்கொண்டிருந்தோம். அங்கே கடல் ஆழம் இல்லாதது, அடியில் சேறு. சுக்கான் என் கையில் லேசாக ஆடியது. இருக்க வேண்டிய ஆட்டம் எவ்வளவு என்று கைக்குத் தெரிந்துவிட்டிருந்தது, இது அதைவிட அதிகம். எட்டிப் பார்த்தேன். சுக்கானைப் படகின் பின்புறத்தோடு பிடித்திருக்கும் இரண்டு கீல்களில் கீழ்க்கீலில் இருந்த போல்ட் வேறாக இருந்தது. வல்லத்தில் போட்டது ஸ்டெயின்லெஸ், தலையில் அறுகோணக் குழி. இது சாதாரண இரும்பு, வெளியே அறுகோணத் தலை. அதற்குள் துருவும் பிடித்திருந்தது. நாகப்பட்டினத்தில் இரவு எப்போதோ பழையது ஒடிந்திருக்கிறது, இவன் கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறான், காலையில் மாற்றம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறான்.

தரப்பிரிவில் எனக்கு ஒரு அதிகாரம் உண்டு, எதிலாவது சந்தேகம் வந்தால் லைனை நிறுத்தலாம். பாயை இறக்கினேன். நங்கூரத்தைப் போட்டேன். படகு நின்றதும் அவனுக்கு விழிப்பு வந்துவிட்டது. சத்தம் நின்றால்தான் எழுந்திருப்பான்.

கீழ்க்கீல் போல்ட்டை எப்போது மாற்றினாய் என்று கேட்டேன். முந்தாநாள் ராத்திரி என்றான். ஏன் சொல்லவில்லை என்றேன்.

"ஓடிக்கிட்டுதான இருந்துச்சு. சொன்னா நீ பயந்துருவியேன்னு நெனச்சேன். பகல்ல தூங்கி எந்திரிச்சு நல்லதா ஒண்ணு போட்டுருவோம்னு பாத்தேன்."

"நான் பயப்படுறதும் பயப்படாததும் என் வேலை. மாத்தினா சொல்லணும், அது உன் வேலை."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். இடுப்பளவுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துருப்பிடித்ததைக் கழற்ற ஆரம்பித்தான். ஸ்பேனர் பெட்டியின் அடியில் உபரியாகக் கிடந்த ஸ்டெயின்லெஸ் போல்ட் ஒன்றைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு நான் மேலே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு மீன்பிடிப் படகு பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது.

"என்ன தம்பி, எஞ்சினா?" என்று அதிலிருந்த பெரியவர் கேட்டார்.

"இல்லண்ணே, போல்ட்டு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "போல்ட்டு மட்டும்தானா?" என்றார். அவர் படகில் இருந்த மற்ற இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்கள். உதவி வேண்டுமா என்று முறையாகக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றதும் போனார்கள். போகும்போது அவர், தண்ணி வத்துறதுக்குள்ள சமாதானம் ஆயிருங்க, இல்லேன்னா சேத்துல குந்திருவீங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லாமல் இன்னும் என்னென்ன மாற்றியிருக்கிறாய் என்று கேட்டேன். படகைப் பற்றித்தான் கேட்டேன். அவன் எல்லாவற்றையும் சேர்த்துப் புரிந்துகொண்டான். நட்டைத் திருகிக்கொண்டே சொன்னான். என் ஸ்கூட்டியின் பிரேக் கேபிள். இன்வெர்ட்டர் பேட்டரி. மிக்ஸியின் அடியில் இருக்கும் ரப்பர், இரண்டு முறை. குளியலறைத் தாழ்ப்பாள். என் அம்மா வீட்டு மோட்டார், அதை என்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவே கேட்டுக்கொண்டாராம். எங்கள் வீட்டில் எதுவும் பழுதாவதே இல்லை என்று நான் மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். நல்ல பொருட்களாகப் பார்த்து வாங்கியிருக்கிறோம் என்று தோழிகளிடம் சொன்னதும் உண்டு.

கை நின்றது.

"அன்னிக்கு பஸ் ஸ்டாப்ல உன் இஷ்டம்னு சொன்னேன்லா. அது நெசமில்ல."

"நெசம் எது?"

"நீ போவக் கூடாது. எனக்கு நீ இங்க இருக்கணும்."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நின்னுருவ. பெறவு அந்த வேல போனது என்னாலன்னு ஆயிரும்லா. அத எப்படி ரிப்பேர் பண்ண?"

தண்ணீரில் நின்றுகொண்டு, மூக்கில் சேறோடு, கையில் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரோடு இதைச் சொன்னான். நான் போல்ட்டைக் கொடுத்தேன். மாட்டினான். சுக்கானை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. அவனை மேலே ஏறச் சொன்னேன்.

ஒரு குறையை அவன் வெளியே சொன்னதாலேயே நான் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. அன்று முழுக்க யோசித்தேன். குஜராத் வேலை நல்ல வேலை, என் வயதில் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது, அதை அவனிடம் அப்படியே சொன்னேன். விடுவதானால் நான் மட்டும் விடுவதாக இருக்க முடியாது என்றும் சொன்னேன். அவன் நைட் ஷிப்டை விட வேண்டும். பராமரிப்பில் ஜெனரல் ஷிப்ட் என்றால் திட்டமிடும் பிரிவு: நாற்காலி, கம்ப்யூட்டர், மீட்டிங். கையில் கிரீஸ் படாது. அதை அவன் இரண்டு முறை வேண்டாமென்று சொன்னவன் என்பது எனக்குத் தெரியும். மீட்டிங்கில் தூக்கம் வருமே என்றான் அவன். வரட்டும், எல்லோருக்கும் வருகிறது என்றேன்.

தொண்டியில் கரை இறங்கியதும் அவன் முதலில் போன் செய்தான். அவன் மேலாளர் நம்பாமல் இரண்டு முறை கேட்டிருக்கிறார். பிறகு நான் செய்தேன். என் மேலாளர் காரணம் கேட்டார், குடும்பக் காரணம் என்றேன். வீட்டுக்காரர் தடுக்கிறாரா என்று குரலைத் தாழ்த்தி விசாரித்தார். இல்லை சார், கேட்டுக்கொண்டார், நானும் ஒன்று கேட்டுக்கொண்டேன் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. சரிம்மா, உனக்குப் பதிலாக ஒரு பெயர் சொல் என்றார். சொன்னேன். போனை வைத்ததும் வேறு என்ன செய்வது என்று தெரியாமல் குடிநீர் கேனைத் திறந்தேன். ஓஆர்எஸ் கலந்து குடித்தேன். அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

பாம்பனில் பாய்மரத்தைச் சாய்த்துப் பாலத்தைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்தோம். அதற்குப் பிறகு அவன் இரவில் மண்டபத்திலும் கீழக்கரையிலும் பாதி நேரம் மட்டும் காவல் இருந்தான், மீதியை நான் எடுத்துக்கொண்டேன், அதனால் பகலில் இருவருமே விழித்திருந்தோம். அது நாங்கள் எதிர்பார்த்தது போல இல்லை. அவன் நான் சுக்கான் பிடிக்கும் விதத்தைக் குறை சொன்னான். அவன் பாய் கட்டும் முடிச்சை நான் குறை சொன்னேன். அவன் ஓயாமல் விசில் அடிப்பவன் என்று அங்கேதான் எனக்குத் தெரியவந்தது. நான் சாப்பிடும்போது பேசுவதில்லை என்பது அவனுக்குப் புதுச் செய்தி, கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து இரண்டு வேளை கவலைப்பட்டான். கடைசி நாள், தூத்துக்குடியின் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள் தெரிய ஆரம்பித்த இடத்தில், எந்தப் பக்கம் திரும்புவது என்று பலமான சண்டை வந்தது. மூன்று வருஷத்துக்குச் சேர்த்துப் போட்டோம். அது முடிவதற்குள் காற்று விழுந்துவிட்டது, பாய் தொங்கிப்போனது, எஞ்சினைப் போட யாருக்கும் தோன்றவில்லை.

அவன் அக்கா கரையில் கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு வெகுநேரமாக நின்றாராம். படகு ஏன் அங்கேயே நிற்கிறது, இரண்டு பேரும் எழுந்து நின்று எதற்குக் கையை ஆட்டுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் போல என்று நினைத்து அவரும் பதிலுக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாராம்.