மூன்றாம் ஆண்டுச் சுவரொட்டி

மகனின் நினைவு நாளுக்கு நமச்சிவாயம் எழுதிக் கொடுத்த தாளை அச்சகத்து அசன் மைதீன் இரண்டு முறை வாசித்தார்.

"அண்ணாச்சி, போன ரெண்டு வருசமும் 'மாரடைப்பால் சிவபதவி அடைந்த'ன்னுதான அடிச்சோம்?"

"அது பொய்வே. வலி மாத்திரை. அளவு மிஞ்சிட்டு."

அசன் மைதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மகளக் கட்டிக்கொடுத்த எடம் இருக்குல்லா. யோசிச்சுக்கிடுங்க."

யோசிக்க மூன்று வருடம் கிடைத்திருந்தது. அது நடந்த அன்று மகள் சுகிர்தாவைப் பெண் பார்க்க ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்திருந்தார்கள். கேசரி பரிமாறும்போது உள்ளறையில் மகன் மகேஷின் குறட்டை கேட்டது. வழக்கமான குறட்டை அல்ல. தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பது போல. மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். நமச்சிவாயம் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர்கள் போனபின் திறந்தால் சத்தம் நின்றிருந்தது. பையனின் உதடு நீலம் பாரித்திருந்தது.

சம்பந்தம் கலைந்துவிடக் கூடாதென்று மாரடைப்பு என்றார்கள். வருடம் திரும்பியதும் கல்யாணம் நடந்தது. பேரனைப் பார்த்துக்கொள்ள பெங்களூர் போன மனைவி நீலாம்பாள் திரும்பி வரவில்லை. அந்தக் கதவு இருக்கிற வீட்டில் அவளால் இருக்க முடியாதாம். கதவைச் சாத்தியது குற்றம் என்று வெளியார் ஒருவரும் சொன்னதில்லை. ஒருவருக்கும் தெரியாதே.

மாலையில் மகளுக்குப் போன் போட்டுச் சுவரொட்டியைப் பற்றிச் சொன்னார்.

"அவன் போயிட்டான்ப்பா. இனி ஊருக்குச் சொல்லி என்ன ஆவப்போவுது? என்னய நெனச்சுப் பாத்தீயளா?"

"நெனச்சுத்தான் இத்தன நாளு வாயத் தொறக்கலம்மா."

இணைப்பு அறுந்தது. பிறகு அவள் அழைக்கவில்லை.

வண்ணார்பேட்டை பேருந்து நிறுத்தத்துச் சுவரில் அவரே பசை தடவி ஒட்டினார். மகேஷ் சிரிக்கும் படம். கீழே: 'என் மகன் மாத்திரை அளவு மிஞ்சி இறந்தான். நான் குறட்டை என்று நினைத்தேன். எழுப்பியும் எழாதவரைத் தூங்க விடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்திலேயே இருங்கள்.'

இரண்டு நாள் அங்கேயே நின்றார். தெரிந்தவர்கள் எதிர்ப்பக்கமாகப் போனார்கள். மூன்றாம் நாள் ஒரு பெண், வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நின்று வாசித்தாள்.

"ஐயா, நீங்கதான் ஒட்டுனீயளா? எந்தம்பியும் என்னமோ மாத்திரை போடுதான். அந்தக் குறட்டை எப்பிடி இருக்கும்?"

அந்தச் சத்தத்தை அவர் நீலாம்பாளிடம்கூட விவரித்ததில்லை. கண்ணை மூடினார். தொண்டையை இறுக்கி, மகனின் குறட்டையை விட்டுக் காட்டினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

"இன்னொரு தடவ, ஐயா," என்றாள் அவள்.

மறுபடியும் செய்தார்.