ஊரில் இல்லாதவர் பட்டியல்

எனக்கு வாய் நீளம். எங்கள் கிளினிக்கில் எல்லாருக்கும் அது தெரியும். சுகரை ஏற்றிக்கொண்டு வருகிறவர்களை வரிசையில் நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் திட்டுவேன். "இட்லியப் பாத்தா சிரிக்கிறீங்க, மாத்திரையப் பாத்தா மட்டும் ஏன் மொறைக்கிறீங்க" என்பேன். யாரும் கோபித்துக்கொண்டது கிடையாது. திட்டுகிற நர்ஸ்தான் அக்கறையாகப் பார்ப்பாள் என்று இங்கே ஒரு நம்பிக்கை. அந்த வாய் திறக்க வேண்டிய ஒரு நாளில் திறக்கவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கிளினிக் ஓர் அறக்கட்டளை நடத்துவது. சர்க்கரை நோய்க்கு மட்டும். டாக்டரம்மா, நான், ரத்தம் எடுக்கிறவர், மாத்திரை கொடுக்கிற பெண், இவ்வளவுதான் ஆட்கள். பக்கத்து மீனவர் குப்பமான வைத்திக்குப்பத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம் என்பதால் மீன் விற்கிற பெண்கள் நிறைய வருவார்கள். நான் சொல்லப்போகிற அக்காவும் அப்படி வந்தவர்தான். ஐம்பதைத் தாண்டியவர். விடியற்காலையில் படகு கரை சேர்ந்ததும் மீன் எடுத்து, அன்னக்கூடையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்பார். பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்க அவருக்கு இடம் கிடையாது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. நடந்தால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும்.

செவ்வாய்க்கிழமைகளில் எல்லாருக்கும் கால் பார்ப்போம். பிளாஸ்டிக் ஸ்டூலில் காலை வைக்கச் சொல்லி, விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு எல்லாம் பார்ப்பேன். பிறகு மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே குத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்பேன். முதல் தடவை அந்த இழையைப் பார்த்ததும் அக்கா சிரித்துவிட்டார்.

"இன்னா நர்ஸம்மா, தூண்டில் நரம்பாட்டம் கீது. இத்த வெச்சி நெத்திலி கூடப் புடிக்க முடியாதே."

"நெத்திலிய வுடுங்கக்கா. குத்துறது தெரியுதா, அத்தச் சொல்லுங்க."

வலது கால் கட்டைவிரலில் அவருக்குத் தெரியவில்லை. நான் குத்தி முடித்து இழையை எடுத்த பிறகு, "எப்பக் குத்தப் போற" என்று கேட்டார். செருப்பில்லாமல் ஓரடி வைக்கக் கூடாது என்று சொன்னேன். ரோட்டில் போட்டுக்கொள்வார், கரையில் மாட்டார். படகும் வலையும் கிடக்கிற இடத்தில் செருப்புக் காலோடு நடப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. தலைகீழாக நின்றாலும் கேட்க மாட்டார் என்று தெரிந்ததால், வாராவாரம் அவர் காலை நானே பார்த்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். "மீன் வாங்க வந்தவளாட்டம் பொரட்டிப் பொரட்டிப் பாக்குறியே, செவுளு செவப்பா கீதா" என்று கேலி செய்வார்.

சில வருஷத்துக்கு முன்னால் அறக்கட்டளை ஊக்கத்தொகை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பட்டியலில் இருக்கிறவர்களில் பாதிக்கு மேல் பேருக்கு மூன்று மாதச் சராசரி சுகர் ஏழுக்குக் கீழே வந்துவிட்டால், டாக்டரம்மாவிலிருந்து மாத்திரை கொடுக்கிற பெண் வரை ஆளுக்கு ஒரு தொகை. கணினியில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கட்டம். குறைந்தவர்கள் பச்சை, குறையாதவர்கள் சிவப்பு. சும்மா சொல்லக் கூடாது, நல்லதும் நடந்தது. மறந்து போனவர்களையெல்லாம் ஃபோன் போட்டு வரவழைத்தோம். வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்தோம். ஆனால் அந்த ஃபோன் வேலைக்கு நேரம் வேண்டுமே. செவ்வாய்க்கிழமைதான் அதற்கு மாட்டியது. காலுக்குக் கணினியில் கட்டம் கிடையாது. பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் எங்களை யாரும் கேட்கப்போவதில்லை. ஸ்டூல் தண்ணீர்க் கேன் வைக்கப் போய்விட்டது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், சொல்தா என்போம், அப்படி ஒருவர் எங்களிடம் வருவார். தினம் கடற்கரைச் சாலையில் நடை, வேளைக்குச் சாப்பாடு, எப்போதும் பச்சை. அவர் வந்தால் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போடுவோம். அக்கா எப்போதும் சிவப்பு. அவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

"பகல் மாத்திரையப் போட்டீங்களா இல்லியா?"

"போடல. அத்தப் போட்டுக்கினு வெயில்ல நடந்தா தல சுத்துது. கூடையோட உழுந்தா மீனும் போச்சி, மானமும் போச்சி."

நியாயமான பதில். மூன்று மணிக்கு எழுந்து, டீயும் பன்னும் தின்று, மதியம் இரண்டு மணி வரைக்கும் சோறில்லாமல் நடக்கிறவருக்கு மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும். டாக்டரம்மாவிடம் உட்கார வைத்துப் பேச அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியில் ஆறு ஃபோன் போடலாம் என்று என் புத்தி கணக்குப் போட்டது. "எத்தினி சொன்னாலும் செவிடன் காதுல ஊதுன சங்குதான்" என்று திட்டி அனுப்பினேன்.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. இரண்டு மாதம் படகு இறங்காது. மீன் இல்லாததால் அக்காவுக்கு நடையும் இல்லை. சுகர் இன்னும் ஏறும் என்று தெரியும். அந்தச் சமயத்தில்தான் அறக்கட்டளை எண்ணிக்கை எடுத்தது. பாதியைத் தாண்ட எங்களுக்குப் பச்சையில் ஐந்து பேர் குறைந்தார்கள். பட்டியலில் 'ஊரில் இல்லை' என்று ஒரு வழி இருந்தது. அப்படிக் குறித்துவிட்டால் அந்தப் பெயர் எண்ணிக்கையில் வராது. தடைக்காலத்தில் குப்பத்து ஜனங்கள் கடலூர்ப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்த் தங்குவது வழக்கம் என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சிவப்பில் கிடந்த குப்பத்துப் பெயர்களாகப் பார்த்துக் குறித்தேன். அக்கா பெயரையும் குறித்தேன். அவர் எங்கேயும் போகவில்லை என்று எனக்குத் தெரியும். எண்ணி முடித்ததும் திரும்பச் சேர்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல மதிப்பெண்ணோடு தேறினோம். டாக்டரம்மா எதுவும் கேட்கவில்லை.

குறித்த பெயருக்கு மாத்திரை எழுத விடாது அந்தக் கணினி. அது எனக்குத் தெரியாமல் போயிற்று.

அடுத்த வாரம் அக்கா மாத்திரைக்கு வந்தார். நான் உள்ளறையில் சோதனைக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான், பேசுவது அத்தனையும் கேட்கும்.

"உங்க பேரு இல்லியேம்மா. ஊருக்குப் போயிட்டதாக் காட்டுது."

"நான் எங்க போனேன்? இங்கதான கீறேன்."

"யாரு எடுத்தாங்கன்னு தெரியல. நர்ஸம்மாதான் சேக்கணும்."

அக்கா குரலை இறக்கி, "அது எம்மேல கோவமா கீது. சுகரு கொறைக்காத வந்தா எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது. கொறச்சிட்டு வரேன்னு சொல்லு" என்றார்.

இரண்டு எட்டு வைத்தால் வாசல். நான் போகவில்லை. எண்ணிக்கை முடிந்த சூட்டில் சேர்த்தால் மேலே கேள்வி வரும், இரண்டு வாரம் போகட்டும் என்று இருந்துவிட்டேன். அவர் படியிறங்கிப் போகிற வரைக்கும் கையில் பிடித்த குழாயைக் கீழே வைக்காமல் நின்றேன். அந்த இரண்டு வாரம் இரண்டு மாதமானது. எனக்கு மறந்தே போனது என்று சொன்னால் பொய். நினைப்பு வரும்போதெல்லாம் வேறு வேலையை எடுத்துக்கொண்டேன்.

தடைக்காலம் முடிந்து ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க வைத்திக்குப்பம் கரைக்குப் போனேன். அக்கா அங்கே இல்லை. மீன் கழுவிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"கால்ல கெளுத்தி முள்ளு ஏறிடிச்சி. வூட்ல படுத்துக்கினு கீது."

முள் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லையாம். இரண்டு நாள் கழித்து, தரையில் சீழ் ஈரம் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார். வீட்டுக்குள் நுழையும்போதே வாடை அடித்தது. என்னைப் பார்த்ததும் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார்.

"கோதுமக் கஞ்சிதான் குடிக்கிறேன் நர்ஸம்மா. டீயில சக்கர போடறதே இல்ல. கொறஞ்சிதான் இருக்கும். பேரச் சேத்துக்கறியா?"

நான் அழுதேன். அவர் காலுக்காக அழுகிறேன் என்று நினைத்து எனக்கே ஆறுதல் சொன்னார். துணியை அவிழ்த்துப் பார்த்தபோது வலது கால் கட்டைவிரல் கறுத்திருந்தது. ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். விரலோடு நிற்கவில்லை. பாதத்தில் பாதியை எடுத்தார்கள்.

அங்கேயே இன்சுலின் ஆரம்பித்தார்கள். வேளைக்கு அளந்த சாப்பாடு. நான் அவர் பெயரைத் திரும்பச் சேர்த்தேன். ஐப்பசியில் கட்டையை ஊன்றிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். மூன்று மாத சுகர் ஏழுக்குக் கீழே. மாத்திரை கொடுக்கிற பெண் திரையைத் திருப்பி, "இங்க பாருங்க, அக்கா பச்சை ஆயிட்டாங்க" என்றாள். அடுத்த எண்ணிக்கையில் எங்களுக்கு ஒரு ஆள் கூடிவிட்டது.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பெயரை எடுத்தது நான்தான், பணத்துக்காக எடுத்தேன், சேர்க்காமல் விட்டதும் நான்தான் என்றேன். கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவர் பிளைவுட் தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் வந்த அன்னிக்கி நீ இங்கதான் இருந்தியா?"

"இருந்தேன்."

"நான் பேசனது கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

அவர் கட்டையை எடுத்து ஊன்றி எழுந்தார். பிடிக்கப் போன என் கையை விலக்கிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

இப்போதும் மாதம் தவறாமல் வருகிறார். வீட்டு வாசலிலேயே கருவாடு வைத்து விற்கிறார் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்சுலின் ஊசி வாங்கிக்கொள்வார், சுகரைச் சொன்னால் தலையாட்டுவார். நான் செவ்வாய்க்கிழமை கால் பார்ப்பதைத் திரும்ப ஆரம்பித்துவிட்டேன். எல்லாரும் ஸ்டூலில் காலை வைக்கிறார்கள். முழுசாக மிச்சமிருக்கிற அந்த இடது காலை நான் பார்த்தே ஆக வேண்டும், தினமும் பார்த்தாலும் போதாது. முறை வரும்போது அவர், "டாக்டரம்மா வரட்டும்" என்று சொல்லி, இரண்டு காலையும் புடவைக்குள் இழுத்துக்கொள்கிறார்.