தூரத்துக்கு ஏற்ற மொட்டு

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன். என் மனைவி நிலக்கோட்டையில் மல்லிகை மொட்டு வாங்கி, பெட்டி கட்டி வெளியூருக்கு அனுப்புகிறவள். ஆறு வருடமாக நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். பூமியிலிருந்து ஒரு கலம் இன்னொரு நட்சத்திரத்துக்குப் போய், அங்கிருக்கும் உயிர்களைச் சந்திப்பதுதான் கதை. இந்தப் பெருவெளியில் நாம் தனியாக இல்லை என்று கதையிலாவது நம்பிவிட வேண்டும். சிறு வயதிலிருந்து எனக்கு அது ஒன்றுதான் ஆசை.

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன். சூரியனை விட்டால் மிக அருகில் இருக்கும் நட்சத்திரத்தின் ஒளியே நம்மிடம் வந்துசேர நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைய கலங்களின் வேகத்தில் போனால் பல்லாயிரம் வருடம். வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதும்போதே எனக்குக் கை நின்றுவிடும். கலத்தை ஓட்டும் என் கேப்டனை அங்கே உயிரோடு எப்படிக் கொண்டுபோவது? எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். முப்பத்தைந்து வயது ஆளைப் பனிப்பெட்டியில் தூங்கவைத்து, போய்ச் சேர்ந்ததும் எழுப்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவளுடைய கொட்டகையில் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். சாக்கில் கொட்டிக் கிடந்த மொட்டுகளைத் தரம் பிரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கேப்டன் கண் விழித்த இடத்தில் நிமிர்ந்தாள்.

"விரிஞ்ச பூவையா ஐஸ்ல வச்சு அனுப்புனீக?"

"பூ இல்ல, மனுசன்."

"எதா இருந்தா என்ன? விரிஞ்சதுக்கு அம்புட்டுத்தான் ஆயுசு. போய்த் திறந்தா கறுத்துக் கெடக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உனக்கு என்ன சயின்ஸ் தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. மூன்று மொட்டுகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது மதுரைக்கு, சாயங்காலமே விரிஞ்சிரும். இது சென்னைக்கு. இது பிளேன்ல போறது. தூரம் கூடக் கூட, விரியாம உள்ளுக்குள்ள மிச்சம் இருக்கணும்."

எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

ஆனால் அவள் சொன்னது விளங்கியது. வளர்ந்த மனிதனை அனுப்பக்கூடாது, இன்னும் பிறக்காதவர்களை அனுப்ப வேண்டும். கருவை உறையவைப்பது மதுரை ஆஸ்பத்திரி விளம்பரப் பலகையிலேயே எழுதியிருக்கிற சமாச்சாரம். பல்லாயிரம் வருடம் தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. இருந்தாலும் என் கேப்டனைவிட நம்பும்படி இருந்தது. ஒரு குரல்கூட இல்லாத கலம் ஒன்று, ஊர் உலகமெல்லாம் பழங்கதையான பிறகும், நட்சத்திரங்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருக்கிறது. அதற்குள்ளே மனிதகுலம் மொட்டாகக் கிடக்கிறது. நினைத்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. வேறெங்கோ இருப்பவர்களும் இப்படித்தானே அனுப்பியிருப்பார்கள்? நாம் முகங்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் விரியாமலே நம்மைக் கடந்து போயிருக்கலாம்.

அவளிடம் கேட்டேன்: "போன இடத்துல விரிஞ்சுச்சான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எங்க தெரியும்? மறுபடி பூ கேட்டு போன் வந்தா, விரிஞ்சிருச்சுன்னு வச்சுக்கிட வேண்டியதுதான்."

"போனே வரலேன்னா?"

அவள் பெட்டியை மூடி டேப் ஒட்டினாள். "அதுக்காகப் பறிக்காம விட்டா, செடியிலயே விரிஞ்சு உதுந்துபோகும். அனுப்பித்தான் பாக்கணும்."

அன்று மதியமே கேப்டனை நீக்கினேன். வேற்றுக்கிரக உயிர்களைச் சந்திக்கும் பக்கங்களும் அவனோடு போயின. எந்தப் பக்கங்களுக்காக ஆறு வருடம் உட்கார்ந்தேனோ அதே பக்கங்கள். அழிக்கும்போது அழுகை வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. இப்போது என் நாவல் கலம் கிளம்புகிற நாளோடு முடிந்துவிடுகிறது. அனுப்பியவர்கள் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். அங்கே யாராவது இருக்கிறார்களா என்று அவர்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமலே அனுப்ப அவர்களுக்கு மனசு வந்தது.