எண்ணெய் ஏறும் வரை

சந்திரவதனாவுக்கு நின்ற நிலையிலேயே கனவு வரும். அதுவும் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு எண்ணெய் மாற்றுகிற நாளென்றால் கேட்கவே வேண்டாம். குறிஞ்சிப்பிட்டி மணலில் வெங்காயம் நட்டுப் பிழைக்கும் மற்றவர்கள், புது எண்ணெய் ஊற்றிய கையோடு மெசினை ஸ்டார்ட் பண்ணி, கரும்புகை கக்கும்வரை றேஸ் கொடுப்பார்கள். அவளுடைய புருசன் சிவகுருவும் அந்தக் கட்சிதான். புகை போனால்தான் எண்ணெய் பிடிக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நல்ல மனிதர், பொறுமைதான் மருந்துக்கும் கிடையாது.

அவள் டீசலை மூடிவிடுவாள். ஹாண்டில் இலேசாகச் சுற்றும்படி அமுக்கத்தை விடுகிற சின்னப் பிடியைத் தூக்கிக்கொண்டு, ஹாண்டிலை மெல்ல மெல்லச் சுற்றுவாள். அடியில் கிடக்கும் எண்ணெய் இருட்டுக்குள் ஏறி, வறண்ட இடமெல்லாம் நனைந்துகொண்டு போவது அவளுக்குக் கண்ணில் தெரியும், பாத்தி பாத்தியாகத் தண்ணீர் பாய்வதைப் போல. எண்ணெய் ஏறிவிட்டால் மெசினின் மேலே ஒரு சிவப்பு முனை எழும்பும். அதற்குள் அவள் பக்கத்துக் களப்புக் கடலுக்கு மேலால் எங்கேயோ மிதந்துபோய்த் திரும்பியிருப்பாள்.

சண்டைக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்தவர்கள் அவர்கள். சண்டை முடிந்து, ஊருக்குள் மிதிவெடியும் எடுத்தாயிற்று என்று தெரிந்ததிலிருந்து திரும்பிப் போகாமல் சிவகுருவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அங்கே அவருடைய தமையன் வீடு இருக்கிறது. இங்கே வெங்காயம் எப்போது கிண்டி எடுப்பதென்று சந்திரவதனா சொல்வாள். அங்கே கறிக்கு எவ்வளவு உப்பு என்பதையும் தமையன் பெண்சாதிதான் சொல்வாள். இதை அவள் வாய்திறந்து சொன்னதேயில்லை. அதுதான் அவள் செய்த பிழை.

அன்று காலை, பக்கத்துத் தோட்டத்து ஹயாத்து முகம்மது மெசினை வாங்க வருவதாக இருந்தது.

"எண்ணெயை மாத்தி வையப்பா. சத்தம் நல்லாயிருக்கவேணும்" என்று அவளிடம் சொல்லிவிட்டுச் சிவகுரு பயணத்துக்குச் சாமான் கட்டப் போனார்.

புது எண்ணெய் ஊற்றியதும் அவளுக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. எண்ணெய் ஏறுமுன்னே முழு வேகத்தில் ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டால் உள்ளே இரும்போடு இரும்பு உரசும். டக்டக்கென்று தட்டுகிற மெசினை யார் வாங்குவார்? விற்காவிட்டால் பயணமும் தள்ளிப்போகும். நினைப்பு இனித்தது. ஆனால் கை கேட்கவில்லை. அது பாட்டுக்குப் பிடியைத் தூக்கிச் சுற்றத் தொடங்கிவிட்டது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சத்தம் கேட்காததால் சிவகுரு வந்து பார்த்தார். "விக்கிற மெசினுக்கு ஏனப்பா இந்தச் சீராட்டு?"

"நான் வரேல்லை."

"எங்க?"

"ஊருக்கு. அங்க உங்கட அண்ணியின்ர குசினியில போய் நிக்க என்னால ஏலாது. இது என்ர தோட்டம்."

சிவப்பு முனை எழும்பியது. அவள் டீசலைத் திறந்து, ஹாண்டிலை ஓங்கிச் சுழற்றிப் பிடியை விட்டாள். மெசின் பிடித்துக்கொண்டது. றேஸ் கொடுக்காமல் மெதுவாக ஓடவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது.

தோட்டத்து வாசல் படலையடியில் முகம்மது மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். சிவகுரு அவரைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற பெண்சாதியைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் முதல் பாத்தியின் வாயைத் திறந்துவிட்டார்.

"வாங்கோ முகம்மது, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. மெசினுக்கு இஞ்ச வேலை கிடக்கு."