களவாய் ஊற்றிய தண்ணீர்

யாழ்ப்பாணத்து வேலணையில் மிளகாய்க் கன்று தேடுகிறவர்கள் முதலில் சிவக்கொழுந்தின் படலையில்தான் வந்து நிற்பார்கள். கன்றைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பார்கள். கட்டையாய், தண்டு கறுத்து, பார்க்கப் பாவமாய் நிற்கும்.

"இதென்ன அக்கா, பட்டினி போட்டனீங்களோ?"

"ஓம், போட்டனான். விருப்பமெண்டால் கொண்டு போங்கோ."

வியாபாரம் பேசத் தெரியாத மனுஷி. ஆனாலும் அடுத்த வருஷமும் அதே ஆட்கள்தான் வந்து நிற்பார்கள்.

நாற்றுமேடைக்கு மேலே அவள் தென்னோலைக் கிடுகுப் பந்தல் போட்டிருப்பாள். நடுவதற்குப் பத்து நாள் இருக்கையில் கிடுகைக் காலையில் ஒரு மணித்தியாலம் விலக்குவாள். மறுநாள் இரண்டு மணித்தியாலம். தண்ணீரையும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைப்பாள். இலை தொங்கும், பொழுது சாய நிமிரும். பத்தாம் நாள் கன்று முழு வெய்யிலில் நிற்கும்.

வியாபாரம் தெரிந்தவர் அவள் புருஷன் ஆழ்வாப்பிள்ளை. இருபத்திரண்டு வருஷம் தெற்கே ஒரு சந்தை ஊரில் மரக்கறிக் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிய, உடுத்த வேட்டியோடு கப்பலேறி வந்தார். வந்த நாள் தொட்டுச் சாய்மனைக் கதிரையே கதி. அடுத்த தை மாதம் கூட்டாளி சிவபாதத்தின் கடிதம் வந்தது: கடையைத் திருத்துகிறேன், பங்குனிக் கடைசியில் வந்து உம்மைக் கூட்டிப்போகிறேன் என்று.

"உந்த மிளகாய் சரிவந்தால் நிக்கிறன். இல்லாட்டிப் போறன்" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

சிவக்கொழுந்துக்கு அந்தக் கடிதம் பிடிக்கவில்லை. தப்பி வந்த நெருப்புக்குள் திரும்பவும் போவதா? அந்த வருஷம் அவள் ஒரு கன்றும் விற்கவில்லை. இரண்டு மேடையும் தங்கள் தோட்டத்துக்கே என்று வைத்துக்கொண்டாள்.

மரக்கறிக் கடைக்காரருக்கு மத்தியானமானால் கை தண்ணீரைத் தேடும். வாடின கத்தரிக்காயை எவன் வாங்குவான்? கதிரையிலிருந்தே தெரியும் கிணற்றடி மேடை வெய்யிலில் சோர்ந்து கிடப்பதைப் பார்த்து ஆழ்வாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. மனைவி குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும் நேரம் பார்த்து வாளியோடு போனார், ஊற்றினார், கிடுகையும் இழுத்து மூடினார். ஒரு நாள் இல்லை, பத்து நாளும் இதே களவு.

நடுகிற அன்று கிணற்றடிக் கன்றுகள் பச்சைப்பசேலென்று நின்றன. ஆழ்வாப்பிள்ளைக்குத் தலைகால் தெரியாத புளுகம். அவற்றைத் தோட்டத்தின் கிழக்குத் துண்டிலும், மற்ற மேடையின் கறுத்த கன்றுகளை மேற்குத் துண்டிலும் நட்டார்கள்.

மூன்றாம் நாள் பங்குனி வெய்யில் தன் குணத்தைக் காட்டியது. மத்தியானத்துக்குள் கிழக்குத் துண்டு அவித்த கீரையாய் நிலத்தில் கிடந்தது. மேற்குத் துண்டும் சோர்ந்ததுதான், ஆனால் பின்னேரம் நிமிர்ந்துவிட்டது.

"பட்ட காலிலேதான் படும்" என்று ஆழ்வாப்பிள்ளை வரம்பில் குந்திவிட்டார்.

பக்கத்து வளவு விஞ்ஞான வாத்தியார் இராசநாயகம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். விளக்கம் சொல்லாமல் போக அவருக்கு ஏலாது. கன்றின் உடம்பைக் கட்டியிருக்கும் நுண்ணிய உயிர்க்கலங்களுக்குள் புரதங்கள் சரியாக மடிந்திருந்தால்தான் வேலை நடக்கும். கடும் சூட்டில் மடிப்புக் குலைந்து, சட்டியில் முட்டை வெள்ளை இறுகுவதுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் முதலில் அளவான சூடு பட்டால், கலம் மற்ற வேலைகளைக் குறைத்துவிட்டு, வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்ற காவல்காரரை உண்டாக்கும். குலைகிறவற்றைத் தாங்கிப் பிடித்துத் திரும்ப மடியவைப்பது அவர்கள் வேலை. நிழலிலேயே நின்ற கன்றுக்கு அந்தக் காவலும் இல்லை, ஆழ வேரும் இல்லை.

"உதுக்குப் பேரும் வைச்சிட்டாங்களே, வாத்தியார்!" என்று சிவக்கொழுந்து சிரித்தாள். பங்குனி முடிந்து சிவபாதம் வர இன்னும் பதினைந்து நாள்தான் கிடந்தது.

வாத்தியார் போனபின் ஆழ்வாப்பிள்ளை தலை நிமிராமல் சொன்னார்: "நான்தான் களவாத் தண்ணி ஊத்தினனான்."

"தெரியும். கிணத்தடியில ஈரக் காலடி கிடந்தது."

"தெரிஞ்சும் ஏன் பேசாமல் இருந்தனீர்?"

"நீங்கள் அந்தக் கதிரையை விட்டு எழும்பினது அதுக்குத்தானே. கன்று போனால் போகட்டுமெண்டு விட்டனான்."

அவர் எழும்பிப் போய் வாழை மட்டை வெட்டிக்கொண்டு வந்தார். விழுந்த கன்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மட்டையைக் குத்தி நிழல் கட்டினார். வேர் சாகாதவை நாலைந்து நாளில் குருத்து விட்டன. பாதிக்கு மேல் பிழைத்தன. செத்த இடங்களில் மற்ற மேடையில் மிஞ்சியிருந்ததை நட்டாள் சிவக்கொழுந்து.

பங்குனிக் கடைசியில் சொன்னபடி சிவபாதம் வந்தார். சிவக்கொழுந்து குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வெளிக்கிடும், ஆழ்வாப்பிள்ளை. கடை திருத்தியாச்சு."

ஆழ்வாப்பிள்ளை கிழக்குத் துண்டில் குனிந்து நின்றவர் நிமிரவேயில்லை. "இண்டைக்குத்தான் ஒரு மணித்தியாலம் மட்டை விலக்கினனான். நாளைக்கு ரண்டு. முழு வெய்யிலுக்கு விட இன்னும் ஒன்பது நாள் கிடக்கு. நான் வந்திட்டால் இவ பாவம் பாத்துத் தண்ணியை ஊத்திப்போடுவா."

சிவக்கொழுந்து உள்ளே போய் உலையில் சிவபாதத்துக்கும் சேர்த்து அரிசி போட்டாள். சாப்பிட்டுவிட்டு அவர் பின்னேர பஸ்ஸில் தனியத்தான் போனார்.