நரி முகத்தில் விழிக்க வந்தவர்கள்

என் வேலை மிருகங்களைப் பார்த்துக்கொள்வது அல்ல, மிருகங்களைப் பார்க்க வருகிறவர்களைப் பார்த்துக்கொள்வது. சேலத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் ஒரு சின்ன உயிரியல் பூங்கா. கல்லெறியாதீர்கள், கத்தாதீர்கள், முறுக்குப் போடாதீர்கள் என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் கட்டிக்கொள்ளும். முதலைக் குட்டையைக் கழுவச் சொன்னால்கூட சந்தோஷமாகப் போய்விடுவேன்.

எங்களிடம் ஒரு பெண் நரி இருந்தது. எருமப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கம்பிவேலியில் சிக்கிப் பின்னங்கால் ஒடிந்து கிடந்ததைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார்கள். கால் கூடியும் நொண்டல் போகவில்லை. அதனால் திரும்ப வெளியே விட முடியாமல் எங்களோடு தங்கிவிட்டது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நரி என்றால் சும்மா இல்லை. நல்லது நடந்தால் "நரி முகத்துல முழிச்சியா?" என்பார்கள். புதுக் கடை திறப்பவர், பெண்ணுக்கு வரன் தேடுபவர் என்று எல்லோரும் அதன் முகத்தைப் பார்க்க வந்தார்கள். அதுவோ பகலெல்லாம் வளைக்குள் தூங்குகிற பிராணி. கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், வேலியைப் பிடித்து உலுக்கினார்கள். நரி வளையை விட்டு வெளியே வருவதையே நிறுத்தியது. பிறகு வைத்த தீனியில் பாதியை மீதம் வைக்க ஆரம்பித்தது. எனக்கு வயிறெரிந்தது.

அதன் பாடு எனக்குத் தெரியும். ராசிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோது, கூடத்தில் அத்தனை பேரும் உற்றுப் பார்த்ததில் என் கையிலிருந்த காபித் தட்டே ஆடியது. ஆனால் அதற்குச் சற்று முன்னால் அதே ஆட்களைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தபோது எனக்குப் பயமே இல்லை. மாப்பிள்ளை மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பார்க்கப்படுவது வேதனை, ஒளிந்து பார்ப்பது சுகம். இதையே எங்கள் அதிகாரியிடம் சொன்னேன், மாப்பிள்ளையின் மூக்கை மட்டும் விட்டுவிட்டு. நரியின் வேலியைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டுவோம், பெரியவர்கள் உயரத்துக்கும் பிள்ளைகள் உயரத்துக்கும் ஓட்டை விடுவோம், உள்ளே நிறையப் புதர் வைப்போம் என்றேன்.

"காசு குடுத்து வர்றவங்க தட்டியையா பார்ப்பாங்க?" என்றார் அவர். நான் விடவில்லை. கடைசியில், காணும் பொங்கல் வரைக்கும் இருக்கட்டும், அன்றைக்கு ஒரு புகார் வந்தாலும் பிரித்துவிடுவேன் என்று ஒப்புக்கொண்டார்.

காணும் பொங்கலன்று கூட்டம் நெரிந்தது. மத்தியானத்துக்கு மேல் திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி முதலாளி ஒருவர் மனைவியோடு வந்தார். அவருடைய புது வண்டி மறுநாள் போர் போட வடக்கே கிளம்புகிறதாம். நரி முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை என்ற முடிவோடு வந்திருந்தார். ஓட்டையில் கண்ணை வைத்தார். புதரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"ஏனுங்க, நரியக் காட்டுங்கன்னா மூங்கிலக் காட்டறீங்க. ஆபீசரு எங்கீங்க?" என்று தட்டியைப் படபடவென்று அடித்தார்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. நான் வாயைத் திறந்தால் புகார் நிச்சயம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அவர் மனைவி முந்திக்கொண்டார்.

"நீங்க நரி முகத்துல முழிக்கோணும், சரிங்க. அது பாவம், தூங்கி எந்திரிச்சு யாரு முகத்துல முழிக்கும்? உங்க முகத்துலயா? அப்புறம் அது வெளங்குமாங்க? சித்த நேரம் சும்மா நில்லுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துவிட்டார். பிறகு எல்லோரும் ஆளுக்கொரு ஓட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஓட்டையில் கண்ணை வைத்தால் வாய் தானாக மூடிக்கொள்கிறது. வெயில் தாழ்ந்தது. புதரில் முதலில் ஒரு காது தெரிந்தது, அப்புறம் மூக்கு. நரி நொண்டி நொண்டி வெளியே வந்து, முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்து, வாய் நிறையக் கொட்டாவி விட்டது. மணலில் புரண்டது. நாங்கள் மண்ணில் புதைத்து வைத்திருந்த நாமக்கல் முட்டையைத் தோண்டி எடுத்து நிதானமாகத் தின்றது. தட்டி நெடுக ஒருவரும் மூச்சுக்கூட விடவில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நரி புதருக்குள் திரும்பியதும் முதலாளி விடுவிடுவென்று அதிகாரியின் அறைக்கு நடந்தார். பின்னாலேயே ஓடினேன்.

"ஒரு புகாருங்க," என்றார் அவர். "ஓட்டை பத்தலீங்க. என்ற சம்சாரம் ஒரு ஓட்டையப் புடிச்சா உடமாட்டீங்கறா. இன்னும் நாலஞ்சு போட்டு உடுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். தட்டி பிழைத்தது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், இன்றைக்கு யார் முகத்தில் விழித்தேன் என்று யோசித்தேன். நரியை நான் பார்த்ததே சாயங்காலம்தான். காலையில் விழித்தது, பக்கத்தில் படுத்து மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தவரின் முகத்தில்.