வௌவாலும் பூச்சியும் டீச்சரும்

என் வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். அறுபதுகளில் ஒரு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவிநாசிக்கு அப்பால் இருந்த பாறைக் குகைக்குப் போய்வந்தார். கூடவே அதே பள்ளியின் புது டீச்சர். மாணவர்களும் நாலு பேர் கூடப் போனதால் ஊர் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தாலாவது எனக்குத் துணைக்கு ஆள் கிடைத்திருக்கும்.

பள்ளிப் பொருட்காட்சிக்காக வௌவாலையும் குகைப்பூச்சியையும் ஒப்பிட்டு எழுதுகிறார்களாம். எலியைப் போல நீள வால் உள்ள வௌவாலாம். சத்தம் போட்டே இருட்டில் வழி கண்டுபிடிக்குமாம். டீச்சருக்கு அது எவ்வளவு சட்டென்று புரிந்தது தெரியுமா என்பார், நான் சோறு போடும்போது. டீச்சரின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்குமாம்.

நான் பனியன் கம்பெனியில் துணி பார்க்கிறவள். குழாய் போல வரும் துணிக்குள் கைவிட்டு விரித்து, வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேட வேண்டும். என் கண்ணுக்கு எதுவும் தப்பியதில்லை. அதை அவர் ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை.

"இந்த வாரம் நானும் வர்றனுங்க" என்றேன்.

"அங்க வந்து நீ என்ன பண்ணப்போறே?"

"சும்மா பாக்கறனுங்க."

குகைக்குள் நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். டீச்சர் நோட்டில் நடுவே கோடு போட்டிருந்தாள். ஒரு பக்கம் வௌவால்: இறக்கை உண்டு, சத்தம் உண்டு, பொழுது சாய்ந்தால் வெளியே போகும். மறுபக்கம் பூச்சி: இறக்கை இல்லை, சத்தம் இல்லை, உடம்பைவிட நீண்ட மீசை, குகையை விட்டுப் போகாது. அவர் டார்ச் அடிக்க அவள் எழுத, இருவரும் தலையை அண்ணாந்தபடியே நின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்களைப் பார்க்கப் பிடிக்காமல் தரையைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. வௌவால்கள் தொங்கிய இடத்துக்கு நேர் கீழேதான் பூச்சிகள் மொய்த்தன. வௌவால் இல்லாத மூலையில் ஒன்றுகூட இல்லை.

"அது வெளிய போய்த் தின்னுட்டு வந்து போடற எச்சத்தைத்தானுங்க இதுக திங்குது. ரெண்டையும் தனித்தனியா எழுதுனா எப்படீங்க?"

அவர் டார்ச்சைக் கீழே அடித்து வெகுநேரம் பார்த்தார். அந்த முகம் என் பக்கம் திரும்பும் என்று காத்திருந்தேன்.

"டீச்சர், இதை முதல்ல எழுதிக்குங்க" என்றார்.

"யாரு பாத்ததுன்னு போடட்டுங்க சார்?"

"நாம ரெண்டு பேரும் பாத்ததுன்னே போடுங்க."

திரும்பும் பஸ்ஸில் அவர் தூங்கிப்போனார். டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நோட்டைத் திறந்து காட்டினாள். பக்கத்தின் உச்சியில், அந்த அச்சடித்த கையெழுத்தில், 'சார் வீட்டு அக்கா கண்டுபிடித்தது' என்று இருந்தது.

"சரிதானுங்களே அக்கா?"

தலையாட்டினேன். அவர் வாயிலிருந்து வரவேண்டியது அவள் கையிலிருந்து வந்தது. இனி அவளை நிம்மதியாக வெறுக்கக்கூட வழியில்லை. அதற்கும் சேர்த்து எனக்கு வயிறு எரிந்தது.